மூன்று விரல் கனம்

ஜேக்கப்ஸில் ஒரு ஒர்க்‌ஷாப் கடனில் மூழ்கியபோது
அதன் கார் லிஃப்டைக் குபேந்திரன் வாங்கிவந்தான்.
இரண்டு தூண், நான்கு கை, ஒரு மோட்டார்.
பதினோராயிரம் ராண்ட், மாதத்தவணை என்றான்.
யாருடைய மாதம் என்று நான் கேட்கவில்லை.

சாட்ஸ்வர்த்தில் எங்களுடையது பாதி வீடு.
மறுபாதி மிசஸ் ரங்கசாமியுடையது.
நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்:
அவர் தும்மினால் இங்கிருந்து நான் “நூறு” என்பேன்.
ட்ரில் போடும் நாளைச் சொல்லிவைக்க
ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு போனேன்.
பொங்கலை வாங்கிக்கொண்டார்.
சம்மதம் தரவில்லை.

லிஃப்டோடு வந்த தாளில் எழுத்து புரியவில்லை.
படம் புரிந்தது:
தரை ஆறு அங்குலம் இருக்க வேண்டும்.
“நானே போட்ட தரை. யானை நிற்கும்.”

அலறிக்கொண்டு இறங்கிய பெக்கியின் ட்ரில்
திடீரென்று வாயடைத்தது.
நுனியில் சிவப்பு மண்.
தட்டியதும் விழுந்த கான்கிரீட் வில்லையை
பெக்கி என் உள்ளங்கையில் வைத்தான்.
மூன்று விரல் கனம்.
நடுவே ஒரு பீர் மூடி,
நேற்றுத் திறந்ததுபோல் பளபளப்பாக.

தரீஷா பிறந்த வாரம் போட்ட தரை அது.
நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.
முப்பது மூட்டை சிமெண்டுக்கு
என் இரண்டு வளையல்கள் போயிருந்தன.

நான் எதுவும் சொல்லவில்லை.
வில்லையைக் குளியலறை ஜன்னலில்
சோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நான்கு நாள் அவன் சமையலறையில் முகம் கழுவினான்.
ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு நடுவில்
“பதினாறு மூட்டைதான்” என்றான்.
“மிச்சத்தைக் கிளேர்வுட்டில் ஒரு குதிரை தின்றது.”
ரசம் ஊற்றினேன்.
“ஜெயித்ததா?”
“நாலாவது.”

தரையை வெட்டி எடுத்தோம்.
மிசஸ் ரங்கசாமி அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார்.
நாங்களும் மரியாதைக்கு ஒருமுறை தட்டினோம்.
இந்த முறை மூட்டைகளை நான் எண்ணினேன்.
காலிப் பைகளை மடித்து மறுபடியும் எண்ணினேன்.

இருபத்தெட்டு நாள் தரை குடிக்க வேண்டும்.
குழாய் வறண்ட நாட்களில்
அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி
ஈரச் சாக்கால் மூடினேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போடுவதுபோல.
இரவு ஷிஃப்டுக்குப் போகும்முன் ஒருமுறை.
திரும்பியதும் ஒருமுறை.

போல்ட்டுகளையும் நானே முறுக்கினேன்.
சரியான இறுக்கம் வந்ததும்
ஸ்பானர் “டிக்” என்கும்.
பத்து போல்ட், பத்து டிக்.
அதன் சொல்லை நம்பினேன்.

ஞாயிறு மாலை க்ரெஸிடா மேலே போனது.
படிக்கொரு பூட்டு, டக், டக், என்று விழ
என் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது.
உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று.

அட்டவணைப்படி எங்கள் தெருவுக்கு லோட்ஷெடிங்
பத்து மணிக்குத்தான்.

பெக்கி டார்ச் அடித்துப் பார்த்தான்.
“பூட்டில் உட்கார்ந்துவிட்டது.
இறக்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.
ஏற்றக் கரண்ட் வேண்டும்.”
சொல்லிவிட்டு டாக்ஸி பிடிக்கப் போனான்.

சுவரில் விரிசல் காட்ட மெழுகுவத்தியோடு வந்த
மிசஸ் ரங்கசாமி அண்ணாந்து பார்த்தார்.
“இது விழுந்தால் உங்கள் பக்கமா, என் பக்கமா?”
தெரியாது என்றேன்.
கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்,
வெறுமையாகத் தராமல்
உள்ளே ஒரு கை லிச்சிப் பழம்.

காருக்கு அடியில் போய் நின்றேன்.
இத்தனை வருடம் இதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்,
வயிற்றைப் பார்த்ததில்லை.
லேடிஸ்மித் சாவுக்குப் போன சேறு
ஒரு மூலையில் இன்னும் ஒட்டியிருந்தது.
இசிபிங்கோ கடலோரத்து உப்பு
சைலன்ஸரைப் பொத்தல் பொத்தலாய்த் தின்றிருந்தது.
எங்கோ ஒரு துளி எண்ணெய்
விழலாமா என்று யோசித்தது.

குபேந்திரன் வாசலிலேயே நின்றான்.
“உள்ளே வா” என்றேன்.
தரையைப் பார்த்தான்.
போல்ட்டுகளைப் பார்த்தான்.
வந்தான்.

ஒரு லிச்சி உரித்துக் கொடுத்தேன்.
தின்றுவிட்டு, கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டு
இருட்டில் இடம் தேடினான்.

புதுத் தரையில் துப்பாதே என்றேன்.