இரவு இரண்டேகால்

நான்கு புள்ளி இரண்டு உறைந்தது அக்டோபர் ஆறில்.
ஓலு நகரத்துக் கடல் உறைய இன்னும் வாரங்கள் இருந்தன.
இனி அதில் புதிதாக ஒன்றும் சேராது,
பழுதுபார்ப்பு மட்டும்.
பார்த்த பழுதெல்லாம்
தாய்க்கிளைக்கும் போய்ச் சேர வேண்டும்,
இல்லாவிட்டால் கொன்ற பூச்சி
அடுத்த வெளியீட்டில் எழுந்து உட்காரும்.

வியாழன் மதியங்களில் ஹில்க்கா அதைக் கையால் செய்தாள்.
உப்பு அதிமதுர மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
இரு ஜன்னல்களை வரிவரியாக ஒப்பிடுவாள்.
"இதை யார் எழுதியது?"
யாரையும் பார்க்காமல் கேட்பாள்.
எழுதியவன் எழுந்து போவான்.
ஒரு வியாழன் அவளுக்குக் காய்ச்சல்;
மூன்று பூச்சிகள் உயிர்த்தெழுந்தன.

ஆகவே ரௌனோ நாற்பது வரி எழுதினான்.
இரவு இரண்டேகாலுக்கு அது விழிக்கும்,
கிளையைத் தாயோடு சேர்க்கும்,
சோதனைகளை ஓட்டும்,
பச்சை என்றால் படுத்துக்கொள்ளும்.
மோதல் வந்தால் மட்டும்
கடைசியாகத் தொட்டவருக்குக் கடிதம் போடும்.

மரத்தில் பிரிந்த கிளை பிரிந்ததுதான்.
எங்களுடையது இரவுதோறும் வீடு வந்து போனது.
கிளை என்றால் சுற்றம் என்றும் பொருள் உண்டே,
கூப்பிடாமலே வரட்டும் என்று விட்டுவிட்டோம்.
வியாழன்களில் ஹில்க்கா நாலு மணிக்கே கிளம்பினாள்.

பத்தொன்பது இரவு பச்சை.
இருபதாவதும் பச்சை.

குளிர்காலக் கடிகாரத்துக்காக
உறைந்த கிளையில், திரையில் காட்டும் இடத்தில்,
யூஸ்ஸி ஒரு மணி கழித்திருந்தான்.
தாய்க்கிளையில், சேமிக்கும் இடத்தில்,
நானும் ஒரு மணி கழித்திருந்தேன்.
வேறு வேறு கோப்புகள்.
மோத என்ன இருக்கிறது?
சோதனைகள் எல்லாம் ஜூலைத் தேதியிலேயே நின்றிருந்தன.

தாய்க்கிளையில் ஓடும் ஒரே அறிவிப்புப் பலகை
தீவின் படகுத்துறையில், வெள்ளோட்டமாக.
ஞாயிறு விடியுமுன் அதில் ஆறு நாற்பது படகு
ஐந்து நாற்பது என்று ஒளிர்ந்தது.

திங்கள் காலை ஹில்க்கா கேட்டாள்,
"இதை யார் எழுதியது?"
இரண்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.
ரௌனோவும் எழுந்தான், யாரும் அவனைக் கேட்கவில்லை.

நாற்பது வரியை யாரும் அழிக்கவில்லை.
அக்டோபர் கடைசி ஞாயிற்றின் தேதியோடு
ஒரு சோதனை சேர்ந்தது.
வியாழன்களில் மறுபடி அதிமதுர வாசம்,
ஐந்து மணி வரை.

தீவிலிருந்து வந்த அழைப்பு ஒன்றுதான்.
பின் இருக்கையில் நாயோடு
இருட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்த பெண்.
படகு சரியாகத்தான் வந்தது என்றாள்,
நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் போலிருக்கிறது,
மன்னியுங்கள்.