முப்பத்திரண்டுக்கு மேல்

விடியாத ஆறு மணிக்கு
வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன்.
இரண்டாம் பாலத்து விளக்குகள் இன்னும் அணையவில்லை.
பத்து மாவுங் கரையிலிருந்து பாங்கொலி
தண்ணீர்மேல் நடந்து வந்து
கூண்டுப் பலகைகளில் ஏறுகிறது.

முப்பத்திரண்டு புள்ளி எட்டு.

படிவத்தை அச்சடித்தவர்கள்
இருபத்தாறில் தொடங்கி
முப்பத்திரண்டில் கோட்டை முடித்துவிட்டார்கள்.
கடல் அதற்கு மேல் போகாதென்று
யாரோ மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.
பதினோரு நாளாக என் புள்ளிகள்
கட்டத்துக்கு வெளியே,
தவுக்கேயின் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில்
இடம் பிடித்து நிற்கின்றன.

கருவி கெட்டிருக்கும் என்றார் தவுக்கே பெங் ஹாக்.
புக்கிட் மெர்தாஜமிலிருந்து புதிது வந்தது,
நூற்றெண்பது வெள்ளி, ரசீதோடு.
இரண்டையும் ஒரே வாளியில் போட்டு
வெகுநேரம் குனிந்து பார்த்தார்,
ஒன்றையொன்று மறுத்துப் பேசும் என்று
எதிர்பார்த்தவர் போல.

ஏழாம் கூண்டில் கொடுவாக்கள்
மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
நேற்றுப் போட்ட இரை அப்படியே மிதக்கிறது.
காற்றுக் குழாயை இழுத்து வருகிறான் தோ நய்ங்.
மோட்டார் இருமுகிறது, நிற்கிறது, இருமுகிறது.
சூடான தண்ணீரில் மூச்சு கரையாது என்பதைப்
பர்மியத்தில் எப்படிச் சொல்வார்களோ,
அவன் தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினான்.
போதுமானதாக இருந்தது.

பசியாறப் போகாமல் எண்ணி எடுத்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டு.
அடுத்தது துள்ளியது. திரும்ப விட்டேன்.
எங்கே விட்டேன்,
அதே தண்ணீரில்தான்.

காப்புறுதி அலுவலகத்துப் பெண் ஃபோனில் கேட்டாள்:
புயலா, திருட்டா, நோயா, செம்பாசியா?
வெக்கை என்றேன்.
பட்டியலில் இல்லையே என்றாள்.
அவள் பக்கம் ஏர்கோன் உறுமுவது கேட்டது.
'மற்றவை'னு போட்டுக்கட்டுமா அக்கா?

ஞாயிற்றுக்கிழமை பத்து ஃபிரிங்கியில்
இடுப்பளவு நீரில் நின்று என் மகள் கத்தினாள்:
அம்மா, ஹீட்டர் போட்ட மாதிரி இருக்கு!
பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.
சுகமாகத்தான் இருந்தது.
நானும் கணுக்கால்வரை இறங்கினேன்.
கால் தானாகவே எண்ணைப் படித்தது.
வா, போகலாம் என்றேன். ஏன் என்றாள்.

இன்று அடிக்கோலை வைத்து
முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என
இரண்டு கோடு கூட்டினேன், பென்சிலால்.
தவுக்கே எட்டிப் பார்த்தார்.
சட்டைப்பையில் கைவிட்டு
பேனாவை எடுத்து நீட்டினார்.