சிரிப்பு, எட்டுக்கு நாலு

பாம்பனில் ஏழு நாற்பது பேருந்தைப் பிடித்தால்
பாலம் முடியும்வரை யாரையும் வரைய முடியாது.
எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள்,
தினம் பார்க்கிற கடலை,
கடன் வாங்கிப் போனவன் வீட்டைப் பார்ப்பதுபோல.
எனக்குப் பிடரிகள்தான் மிச்சம்.
மண்டபம் தாண்டியதும் முகங்கள் திரும்பி வரும்.
டிக்கெட்டின் பின்பக்கம்
ஒரு மூக்குக்குத்தான் இடமிருக்கிறது.
இதுவரை நூற்றுப் பதினாறு மூக்குகள்,
ஒரு பிஸ்கட் டப்பாவில்.

உச்சிப்புளியில் ஏறும் மீன்கூடைக்காரி
"என்னத்தடி எமல்டா கிறுக்குற" என்பாள்.
காட்டினால்,
"இது எம் மூக்கு இல்ல, எங்கக்கா மூக்கு."
அவள் அக்காவை நான் பார்த்ததே இல்லை.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பின்சந்து,
நஸ்ருதீன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடை.
காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி
மூன்றுக்கும் ஒரே நீல வானம் வைத்திருக்கிறோம்.
கறுப்பை மாநிறமாக்கு, மாநிறத்தைச் சிவப்பாக்கு,
தாய்மாமனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டு.
இந்த ஊரின் பருக்களில் பாதியை
நான்தான் அழித்தேன்.
எதிரே வந்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

வெட்டி எறியும் ஓரங்களின் வெள்ளைப் பின்புறம் எனக்கு.
அண்ணன் காசு பிடிப்பதில்லை.
பென்சில் ஏறாது, வழுக்கும்.
மார்க்கர் காய்வதற்குள் கை பட்டால்
கன்னம் கழுத்தாகிவிடும்.
அப்படி ஆனதில் இரண்டு நன்றாயிருக்கின்றன.

கடலை ஏன் வரையவில்லை என்று கேட்கிறார்கள்.
வரைந்தேன்.
வடகடல், தட்டில் ஊற்றிய கஞ்சிபோல் வந்தது.
தென்கடலுக்கு மார்க்கர் போதவில்லை.

மாசியில் ஒரு மதியம், கரண்ட் இல்லாத நேரம்,
பூரணம் என்று ஒருவர் வந்தார்.
ரேஷன் கார்டைக் கைபேசியில் பிடித்த படம்:
நம்புவேல், நாற்பத்தொன்று, மஞ்சள் காமாலை.
அப்போதுதான் யாரோ திட்டிவிட்டுப் போன முகம்.
"சிரிக்கிற மாதிரி போட்டுத் தா.
வர்றவுக எல்லாம்
இந்த முறைப்பையா பாத்துட்டுப் போகணும்?"

கரண்ட் வந்ததும் வாயை இழுத்துப் பார்த்தேன்.
கணினியிடம் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு,
வேட்பாளர் சிரிப்பு.
"இது யாரு?" என்றார்.

பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன்.
எந்தப் பக்கம் முதலில் போகும்? இடது.
பல் தெரியுமா? தெரியும், ஒன்று கோணல்,
நங்கூரக் கயிறு அறுந்து அடித்தது.
கண்?
"மூடிக்கும். மூடிட்டாருன்னா
காசு கேக்கப் போறாருன்னு அர்த்தம்."
சொல்லும்போதே அவர் வாய் இடதுபக்கம் போயிற்று.
அதைத்தான் வரைந்தேன்.
அவர் கவனிக்கவில்லை. கவனித்தும் இருக்கலாம்.

மூன்றாவது துண்டில் சரியாக விழுந்தது.
படம் பிடித்துப் பொருத்தினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"அவருதான்னு சொல்ல மாட்டேன்.
ஆனா இவருகிட்ட சண்டை போடலாம்."
எட்டுக்கு நாலு. சட்டம் தனி. முன்பணம் இருநூறு.

சித்திரையில் பேருந்து மண்டபத்தில் நின்றபோது
கருவாடு காயும் மணலில் பார்த்தேன்:
நாலு மூலையிலும் கல்,
அடியில் காற்று புகுந்து உப்ப,
தலைகீழாக நம்புவேல்,
ஒரு படுகைக் காரலைக் காக்காயிடமிருந்து மறைத்து,
கண்ணை மூடிக்கொண்டு,
இடதுபக்கமாக.
நீல வானம் வெயிலில் முழுக்க வெளுத்திருந்தது.
என் கறுப்புக் கோடு மட்டும் நிற்கிறது.
பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

உச்சிப்புளியில் கூடை ஏறியது.
"இன்னைக்கு யாரு மூக்கு?"
மூக்கு வேண்டாம், சிரி என்றேன்.
"இருடி, வெத்தலையைத் துப்பிக்கிறேன்" என்று
ஜன்னல் பக்கம் திரும்பினாள்.