நீர்ப்பூதத்தின் விதி

உவர்மலையில், டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை.
மேசையில் வரைபடம், மிக்சர், இருபது முகக் கட்டை ஒன்று.
நுஸ்கி டோஹாவிலிருந்து கொண்டுவந்தது.
இரண்டு முகங்களில் எண் தேய்ந்துபோயிற்று,
ஒன்று மூன்று, மற்றது பத்தொன்பது.
எது எதுவென்று எங்களுக்குள் இன்னும் வழக்கு.

ஆட்டத்தை நடத்துபவன் நான்.
விதிப்புத்தகத்தைத் தமிழாக்கியதும் நான்தான்.
அதில் ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் எனக்கு வியர்க்கவில்லை:
நிலமும் நீரும் நெருப்பும் பூதம்,
அவற்றிலிருந்து எழும்பி வருவதும் பூதம்.
இரண்டையும் ஒரே பாயில் படுக்கவைத்தவர்கள்
எதையோ கண்டுதான் செய்திருப்பார்கள்.

போன மாதம் மண்பூதம். சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது.
தர்மிகன் கோடரியால் அதைக் கல்கல்லாக உடைத்து
அந்தக் கல்லிலேயே பாலம் கட்டிக் கடந்துபோனான்.
தீப்பூதத்தை நுஸ்கி கன்னியாவரைக்கும் இழுத்துப்போய்
ஏழு கிணற்றில் ஆகச் சுடுகிற கிணற்றுக்குள் தள்ளினான்.
அது சாகவில்லை. இளகி, அங்கேயே குடியிருந்துவிட்டது.
'அப்ப இது இனி எந்தப் பூதம்?'
புத்தகத்தில் அதற்குப் பக்கமில்லை.
பென்சிலால் ஒன்று சேர்த்தேன்.

இன்றிரவு நீர்.
வாசித்தேன்:
உயிர்ப்புள்ளி நூற்றுப்பதினான்கு.
வாள் பாதிதான் வெட்டும்.
குளிர் பட்டால் உறையும்.
கரையைவிட்டு அறுபது அடிக்கு அப்பால் வராது.

மிக்சருக்குள் கச்சான் பொறுக்கிக்கொண்டிருந்த மெலிற்றா
கையை எடுத்தாள்.
'அதுக்கு ஆர் சொன்னது?'
புத்தகம், என்றேன்.
'அது வாசிச்சதாமோ?'

மின்விசிறி சுற்றியது.
அவளுடைய வீடு உப்புவெளியில். இருந்தது.
கடலிலிருந்து அறுபது அடியில் இல்லை,
எத்தனையோ தென்னை தள்ளி.
அந்த மார்கழி ஞாயிறு அவளுக்கு ஐந்து வயது.
அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை,
இந்த ஊரில் எல்லோருடைய வயதும்
அந்த நாளிலிருந்து எண்ணத் தெரியும்.

நுஸ்கி அவசரப்பட்டான்:
'காத்துப்பூதமெண்டு மாத்துவம் மச்சான்.'
'வேண்டாம். உங்களுக்கெல்லாம் ஒண்டொண்டு வந்தது.
இது என்ர.'

வாளைத் தொடவில்லை.
உறைபனி மந்திரச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.
'நான் அதோட கதைக்கப்போறன்.'
அது நீர்மொழி பேசும். உன்ர பாத்திரத்துக்குத் தெரியாது.
'எனக்குக் கொஞ்சம் விளங்கும்.'

என்ன கேட்கப்போகிறாய்?
யோசித்தாள்.
கீழே யாரோ ஒரு டயருக்குக் காற்றடித்து முடிக்குமட்டும் யோசித்தாள்.
'எங்கட நீலக் கேற்று இன்னும் அதிட்ட இருக்கோ எண்டு.'

உருட்டினாள்.
கட்டை குகையைத் தாண்டி, வரைபடம் தாண்டி,
மிக்சர்த் தட்டில் முட்டித் திரும்பி
மேசை விளிம்பில் நின்றது,
எண்ணில்லாத முகம் மேலே.

மூன்று என்றால் அதற்கு அவள் பேச்சு விளங்கவில்லை.
பத்தொன்பது என்றால் அது பதில் சொல்லியாக வேண்டும்,
நான்தான் அதன் குரல்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.
தேய்ந்த அந்த முக்கோணத்தில்
நகத்தால் தடவிப் பார்க்கிறேன்,
ஒரு கோடு அகப்படுமா என்று.