சும்மா கிடந்த நூல்

அறுபத்திரண்டு கட்டில். இரவுக்கு நான் ஒருத்தி.
பிளாண்டயர் பெரிய ஆஸ்பத்திரி, அறுவைப் பிரிவு, பெண்கள் பக்கம்.
கட்டிலுக்கடியிலும் ஆளிருக்கும்:
அக்காள், நாத்தனார், பெற்ற மகள்,
பாயும் வாளியும் சோளமாவும்.
எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தலைகள்.
நடக்கையில் கால் தடுக்கும்; திட்டியிருக்கிறேன்.

பதினேழாம் கட்டிலுக்கடியில் மட்டும் ஓர் ஆண்.
யாசினி. மங்கோச்சிப் பக்கத்து ஏரி மீனவன்.
பெண்டுகள் படுக்கிற இடத்தில் மீசைக்கென்ன வேலை என்று
பதினெட்டாம் கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
வேறு யாருமில்லை, சிஸ்டர், என்றான். அவ்வளவுதான்.

மேலே அடுபேலே, அவன் மனைவி.
காய்ச்சல் குடலை ஓட்டை போட்டிருந்தது.
தைத்து அனுப்பியிருந்தார்கள்.
வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றேன்.
ஈரத் துணியால் உதட்டை மட்டும் துடைத்தான்,
கஞ்சி கேட்டு அவள் வைததையும் வாங்கிக்கொண்டு.

சிறுநீர்ப் பையைத் திறக்கவும் மூடவும் காட்டினேன்,
முன்னும் பின்னும் கைகழுவவும்.
இந்தக் கோப்பை நிறைந்தால் ஒரு கோடு போடு என்று
காகிதமும் பேனாவும் நீட்டினேன்.
பேனாவை மீன்முள் மாதிரிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்தான்.
சட்டைப் பையிலிருந்து நைலான் நூல் வந்தது.
கோப்பைக்கு ஒரு முடிச்சு.
விடியலில் எண்ணினேன்: பதினொன்று.
ஆயிரத்து நூறு என்று அட்டவணையில் எழுதினேன்,
என் கையெழுத்தில்.

மூன்றாம் இரவு, மூன்று மணி இருக்கும்.
நாற்பதாம் கட்டிலின் ரத்தப்போக்கோடு மல்லுக்கட்டுகையில்
தோளைத் தொடாமல் பின்னால் வந்து நின்றான்.
போ, வருகிறேன், என்றேன். போகவில்லை.
நூலை நீட்டினான்.
மணிக்கு நாலு விரல் நூல் விடுவது அவன் கணக்காம்;
எனக்குத் தெரியாது.
"ஒரு சாண் சும்மா கிடக்கிறது, சிஸ்டர்."

ஓடினேன்.
நாடி நூற்று நாற்பது. வயிறு பலகை.
டாக்டர் வந்தார், மறுபடி திறந்தார்கள்.
பிழைத்தாள்.

காலைச் சுற்றின்போது வழக்கம்போல
உறவுகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.
யார் கவனித்தது, நல்ல வேலை, என்றார் பெரிய டாக்டர்.
அட்டவணையில் என் பெயர்தான் இருந்தது.
கதவைப் பார்த்தேன்.
சொன்னேன், சொல்லாமலில்லை.
ஆனால் வாய் திறக்கக் கொஞ்சம் நேரமானது.

வீட்டுக்குப் போகும் நாளில் நூலைக் கேட்டான்.
வலை கிழிந்து கிடக்கிறதாம், ஐந்து வாரமாக.
இத்தனை முடிச்சையும் எப்படி அவிழ்ப்பாய் என்றேன்.
எதற்கு அவிழ்க்க, என்றான்,
வலை என்றால் முடிச்சுத்தானே.

பதினெட்டாம் கட்டில் சிரித்துவிட்டது,
தையலைப் பிடித்துக்கொண்டு.