சோளமாவுக் கரடி

வாரம் நாலு கிலோ சோளமாவு வாங்குகிறேன்.
கல்லாவில் இருக்கும் பெண் ஒருநாள் கேட்டாள்:
"அப்படி என்னதான் சமைக்கிறீர்கள்?"
"கரடி" என்றேன்.
மீதிச் சில்லறையைத் தந்துவிட்டு
அடுத்த ஆளைப் பார்த்தாள்.

பிரிஸ்டலில், பழைய புகையிலைக் கிடங்கின் அடியில்
சன்னல் இல்லாத அறை என்னுடையது.
திரையில் ஒரு பெண்கரடி நடக்கும்.
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று
கேமரா அவளை எடுத்திருக்கும்.
கண்ணுக்கு எட்டும் அந்தத் தூரம்
காதுக்கு எட்டாது.
எனக்கு வந்து சேரும் காடும் கடலும்
எல்லாம் ஊமை.

ஆகவே நான்.
நைலான் காலுறையில் மாவை அடைத்து
முடிச்சிட்டு, இரு கையாலும் பிசைவேன்.
மொறுக்.
மொறுக்.
முன்னங்காலுக்குக் கொஞ்சம் அழுத்தம்,
பின்னங்காலுக்கு இழுவை.
அவளுக்கு வயதாகிவிட்டது, இடது இடுப்பில் வலி;
அதுவும் என் மணிக்கட்டில் வந்தாக வேண்டும்.

கழுகு எழும்போது படபடப்பது
என் முன்னாள் கணவர் மறந்துபோன தோல் கையுறை.
சிங்கம் வரிக்குதிரையைக் கிழிக்கையில்
செலரித் தண்டு, ஈரத் துண்டு.
ஆமைக்குஞ்சு ஓட்டை உடைப்பது வேகாத மக்ரோனி.
நண்டுகள் மணலில் ஓட என் நகங்களே போதும்,
அதற்காகவே வெட்டாமல் வைத்திருக்கிறேன்.
எறும்புக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை.
ஒரு வாரம் முழுக்க
கம்பளிச் சட்டையை ஒற்றை முடியால் கீறிப் பார்த்தேன்.
அதற்கும் சம்பளம் தந்தார்கள்.

போன பிப்ரவரியில் ஸ்வால்பார்டிலிருந்து
டோர்கிரிம் ஒரு பதிவு அனுப்பினார்.
மைக்கைப் பனிக்குள் புதைத்துவிட்டு
பத்தொன்பது நாள் காத்திருந்தாராம்.
கூடவே ஒரே வரி:
"இது அவளுடைய நிஜமான நடை."

படத்தோடு சேர்த்து ஓட்டினோம்.
இயக்குநர் ரோவன் கேட்டார். மறுபடி கேட்டார்.
"பனி மாதிரியே இல்லையே, ஹெஸ்டர்.
யாரோ பக்கத்து அறையில்
போர்வை மடிக்கிறாற்போல் இருக்கிறது.
உன்னுடையதையே போடு."
போட்டேன்.
கரடி கரடியானது.

டோர்கிரிமுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
பதில் வந்தது:
"பரவாயில்லை. எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே
போன வாரம் ஒரு கரடி போனது.
என் மகள் கேட்டாள்,
சத்தமே வரலையே அப்பா, இது பொய்க்கரடியா?"

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
அந்தப் பதிவைத் தனியாகக் கேட்டேன்.
நெடுநேரம் காற்று.
பிறகு, அடி என்று சொல்ல முடியாத ஓர் அடி,
எடை மட்டும் இறங்குவதுபோல.
இன்னொன்று.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
நின்றுவிட்டாள் போலும்.
திடீரென்று
மைக்கின் மேலேயே, என் காதின் மேலேயே,
ஒரு மூச்சு:
உள்ளே இழுத்து, யோசித்து, வெளியே விட்டது.
நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.
இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அதைச் செய்து பார்த்தேன்.
பீங்கான் குடுவைக்குள் ஊதினேன்.
சைக்கிள் பம்பு. பழைய துருத்தி.
என் ஆஸ்துமா மூச்சையும் விட்டுவைக்கவில்லை.
எல்லாம் காற்றாக இருந்தது.
எதற்கும் பசி இல்லை.

ரோவனிடம் சொல்லவில்லை.
நாற்பத்தோராம் நிமிடத்தில்
என் மாவு நடைக்கு நடுவே
அவளுடைய மூச்சை இரண்டு விநாடி வைத்துத் தைத்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிறு இரவு ஒளிபரப்பு.
என்னிடம் தொலைக்காட்சி கிடையாது;
அடுத்த வீட்டுச் சுவர் மெல்லியது.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
முதலில் கழுகு வந்தது, கையுறை தெரியாமல்.
அப்புறம் என் சோளமாவு
மொறுக் மொறுக் என்று
சுவருக்கு அப்பால் நடந்து வந்தது.
நின்றது.

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.
யாரோ ஒலியைக் குறைத்தார்கள்.