எட்டாவது தடம்

மஞ்சக்குப்பத்தில், பரோட்டாக் கடை மாடியில் ஸ்டுடியோ.
கீழே கல்லில் கொத்தும்போதெல்லாம் நிறுத்தி
மறுபடி எடுக்க வேண்டும்.

அஞ்சலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
கோலை விடவில்லை.
ஹெட்போன் கழுத்தோடு நின்றது;
காது திறந்திருக்கணுமாம்.

"நாலு நிமிஷத்துல முடிச்சிடலாமாக்கா?"
"கடைசி மாடு படுத்தா முடியும்."

கிடை மடக்கும் பாட்டு.
மயிலை, செவலை, நெத்திச்சுட்டி, ஒத்தக்கொம்பு,
பேர் பேராய்க் கூப்பிட்டுப் படுக்க வைக்கிறார்.
பதினோரு நிமிடம்.
படுப்பதற்கு அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

நடுவில் ஒரு "ஹேஏய்!"
மீட்டர் சிவந்து, ஒலி உடைந்தது.
கீழே கொத்துச் சத்தம் நின்றுவிட்டது.
அதை வெட்டவில்லை.

ஏழு பாட்டுக்கும் 'வழிவழி' என்று குறித்துக்கொண்டேன்.
எட்டாவது அவரே கட்டியது.
நிறமில்லை, கொம்பில்லை, வெறும் எண்:
ஒண்ணு, சைபர், சைபர், ஆறு...
"போன் நம்பராக்கா?"

காதுமடலைப் பிடித்துக் காட்டினார்.
"மஞ்ச வில்ல. லோன்ல வந்த ஜெர்சிக்குக் குத்துனது.
பேர் வெக்கிறதுக்குள்ள புயல்ல பூடுச்சி.
இன்சூரன்ஸ்ல பேரா கேக்குறான்? நம்பர் கேக்குறான்.
பன்னெண்டும் மனசுல நிக்கல,
ராகம் போட்டுக்கினேன்."

பணம் வந்ததா என்று
கேட்க நினைத்தபோது பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்.

ராத்திரி மிக்ஸிங்.
ஏழாவது எண்ணில் சுருதி கொஞ்சம் இறங்குகிறது.
ஒரு க்ளிக்கில் சரியாகும்.

வேறு மாடாகிவிட்டால்?
அப்படியே விட்டேன்.